கூகையைத் தேடுவோர்



விழா நாளில் ஆந்தையைப் பற்றிய பேச்சா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். மங்கல நாளில் அதன் பெயரை வாய்விட்டுச் சொல்லாத வீடுகள் கொங்கு நாட்டில் இன்றும் உண்டு. ஆயினும், கவிஞர் கூடிய அவையில் எடுத்துரைக்கத் தக்க ஒரு செய்தி அந்தப் பறவையிடமும், அதைத் தேடி இருளில் நடக்கும் மனிதரிடமும் இருக்கிறது. அதை எடுத்துச் சொல்வதே இவ்வுரையின் நோக்கம்.

மண்ணரையில் இரவு முழுமையாக வருவதில்லை. ஊத்துக்குளி சாலையின் இருமருங்கும் பனியன் கம்பெனிகளின் விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும். இரவு ஷிப்டில் நிட்டிங் எந்திரங்கள் இரைந்துகொண்டிருக்கும். வேலை முடிந்தவர்கள் தேநீர்க் கடையில் நின்று கண்களைக் கசக்கிக்கொள்வார்கள். அந்நேரத்தில், ஏதோ ஒரு கம்பெனிச் சுவரோரம் எஞ்சி நிற்கும் ஒற்றைப் பனையிலிருந்து, கரகரத்த சிரிப்பும் சண்டையும் கலந்தாற்போல ஒரு குரல் எழும். அது புள்ளி ஆந்தையின் குரல். மைனாவின் அளவே உள்ள சிறு பறவை அது. தெருவிளக்கைச் சுற்றும் பூச்சிகளைப் பிடித்துத் தின்ன வந்திருக்கிறது. தேநீர்க் கடையில் நிற்பவர்களுள் ஒருவர், "கெட்ட சகுனம்" என்று முணுமுணுத்துவிட்டுத் தேநீரைக் குடித்து முடிப்பார்.

அக்குரலைக் கேட்டவர் பலர். பறவையைக் கண்டவர் சிலர். கண்டவருள்ளும் அதன் முகத்தை நின்று பார்த்தவர் மிகச் சிலர். ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், மருத்துவர்கள், பனியன் தொழிலில் இருப்பவர்கள் என்று பல துறையினர் அந்த மிகச் சிலருள் அடங்குவர். வார இறுதியில் தோளில் கேமராவும் கையில் தண்ணீர்ப் புட்டியுமாகப் புறப்பட்டு, பனங்காட்டிலும் பாழுங்கிணற்றோரத்திலும் காத்துக் கிடப்பவர்கள் அவர்கள். அவர்களுக்கு இதனால் வருவாய் ஒன்றும் இல்லை, உறக்கம்தான் போகிறது. இருந்தும் போகிறார்கள்.

இவர்கள் புதிதாக ஒன்றைச் செய்வதாகத் தோன்றலாம். தமிழ் மரபை எண்ணிப் பார்த்தால், விட்டுப்போன பழைய உறவு ஒன்றைத்தான் இவர்கள் மீண்டும் தொடங்கியிருக்கிறார்கள் என்பது விளங்கும்.

தொல்காப்பிய மரபியல், 'அளகு' என்னும் பெண்பாற் பெயரைக் கோழிக்கும் கூகைக்கும் உரியதென வரையறுத்து, பின்னர் மயிலையும் அதனுள் சேர்த்துக்கொள்கிறது. முற்றத்தில் மேயும் கோழியோடும் தோகை விரிக்கும் மயிலோடும் கூகையை ஒரே வரிசையில் வைத்த இலக்கணம் அது. புறநானூற்றில் 364-ஆம் பாடலைப் பாடிய புலவருக்குக் கூகைக்கோழியார் என்பதே பெயராயிற்று; அப்பாடலில் அவர் ஆண்ட சொல்லே அவருக்குப் பெயராகி நின்றது. திருக்குறளின் காலமறிதல் அதிகாரம், பகற்பொழுதில் காக்கை கூகையை வெல்லும் என்ற காட்சியோடு தொடங்குகிறது. அக்குறளில் கூகை வலிமை உடையது. காலம் மட்டுமே அதற்குப் பகை. தொல்காப்பியத்திலும் குறளிலும் கூகை சாவின் தூதாக வரவில்லை. பார்த்துப் பழகிய ஒரு பறவையாகவே வருகிறது.

பஞ்சபட்சி சாத்திரத்தின் ஐந்து பறவைகளுள் வல்லூறுக்கு அடுத்து ஆந்தை இடம்பெறுகிறது. காலப்போக்கில் அதன் அலறலை எண்ணிப் பலன் சொல்லும் வழக்கமும் வளர்ந்தது. ஓர் அலறலுக்கு ஒரு பலன், ஈரலறலுக்கு வேறொரு பலன் என்று எண்ணத் தொடங்கியபோது, பறவையைப் பார்ப்பது நின்றுபோயிற்று எனலாம். எண்ணிக்கை மட்டும் மிஞ்சியது. ஆனால் இதே கொங்கு மண்ணில் வேளாளர் குலங்களுள் ஒன்று ஆந்தை கூட்டம் என்னும் பெயரைத் தாங்கி நிற்கிறது. எப்பறவையின் பெயரை மங்கல நாளில் சொல்ல அஞ்சுகிறார்களோ, அப்பறவையின் பெயரையே ஒரு குலம் தன் அடையாளமாகக் கொண்டிருப்பது சிந்திக்கத் தக்கது. அச்சம் ஒருபுறமும் உறவு ஒருபுறமுமாக இந்த மண் ஆந்தையோடு வாழ்ந்துவந்திருக்கிறது.

இனி, தேடுவோரின் வழிமுறைகளைக் காண்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். ஆந்தையைத் தேடுவது பெரும்பாலும் ஆந்தையைப் பார்ப்பதில் தொடங்குவதில்லை. அதன் தடங்களைப் படிப்பதில் தொடங்குகிறது. பகலில் மரக்கிளைக்குக் கீழே சுண்ணாம்பு தெளித்தாற்போல் எச்சம் வழிந்திருந்தால், மேலே ஏதோ ஒரு பறவை நாள்தோறும் அமர்கிறது என்று பொருள். அதன் அருகே விரல் பருமனில் சாம்பல் நிற உருண்டைகள் கிடந்தால், அமர்வது ஆந்தையாகலாம். ஆந்தை இரையைப் பெரும்பாலும் முழுதாக விழுங்கும். செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாக்கிக் கக்கிவிடும். அவ்வுருண்டையை நீரில் ஊறவைத்துப் பிரித்தால், எலியின் மண்டையோடும் தாடையெலும்பும் சிதையாமல் கிடைக்கும். உழவர் விளைச்சலை உண்ணும் எலிகளுள் எத்தனை ஓர் ஆந்தைக் குடும்பத்தின் வயிற்றுக்குப் போயின என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்குப் புத்தகம் வேறில்லை.

மற்றொரு வழி, பிற பறவைகளின் பேச்சைக் கேட்பது. கரிச்சானும் காக்கையும் தவிட்டுக்குருவியும் ஒரு மரத்தை நோக்கித் திரண்டு கூச்சலிட்டால், அணிலும் வால் துடிக்கக் கீச்சிட்டால், இலைமறைவில் ஓர் ஆந்தை ஒடுங்கி அமர்ந்திருக்க இடமுண்டு. வள்ளுவர் கண்ட பகற்போர் இதுவே. இரண்டாயிரம் ஆண்டுகளாக அந்தக் காக்கை ஓயவில்லை. ஆந்தை தேடுவோர் அக்குறளைத் தங்கள் தொழிற்குறிப்பாகவே கொள்ளலாம்.

மூன்றாவது வழி, செவி. கதிர் மறைந்த அரைமணி நேரத்தில் ஓரிடத்தில் அசையாது நிற்க வேண்டும். ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு குரல். ஒவ்வொரு குரலுக்கும் ஒரு நிலம். பனையிலும் பழஞ்சுவரின் பொந்திலும் புள்ளி ஆந்தை கூடமைக்கும். கோயில் கோபுரத்திலும் பாழடைந்த கட்டடத்திலும் கிணற்றுச் சுவரின் பொந்திலும், வெண்மையான இதய வடிவ முகத்தோடு கூகை வாழும். அது அலறுவதில்லை, துணியைக் கிழிப்பதுபோல் சீறும். கரட்டிலும் கைவிடப்பட்ட பாறைக்குழியிலும் கொம்பன் ஆந்தை வாழும். அதன் ஆழ்ந்த இருசொல் முழக்கம் பள்ளத்தில் எதிரொலிக்கும். பழைய மாந்தோப்பிலும் புளியந்தோப்பிலும் நடுங்கும் குரலில் கூவுவது பொரிப்புள்ளி ஆந்தை. பல பேய்க்கதைகளுக்கு அதுவே ஆசிரியராக இருந்திருக்கலாம். நீர்நிலையை ஒட்டிய பெருமரங்களில் இறகற்ற கால்களோடு அமர்ந்து மீனையும் நண்டையும் பிடிப்பது மீன்பிடி ஆந்தை. பனிக்காலத்தில் வடதிசையிலிருந்து வந்து திறந்த புல்வெளியில் தரையில் தங்குவது குட்டைக்காது ஆந்தை. ஒரு மாவட்டத்தின் பனை, கிணறு, பாறைக்குழி, தோப்பு, குளம், புல்வெளி ஆகியவற்றின் வரைபடத்தை ஆந்தைகள் இரவுதோறும் தம் குரலால் வரைந்துகொண்டிருக்கின்றன என்று சொன்னால் அது மிகையாகாது.

முகத்தை நின்று பார்ப்பவர்க்கு வேறொரு வியப்பும் காத்திருக்கிறது. ஆந்தையின் கண்கள் குழாய் வடிவில் அமைந்து எலும்பு வளையத்துள் பொருந்தியவை, அவை சுழல்வதில்லை. ஆகவே அது தலையைத் திருப்புகிறது. மனிதனுக்குக் கழுத்தெலும்பு 7, ஆந்தைக்கு 14. ஏறத்தாழ 270 பாகை வரை அதனால் தலையைத் திருப்ப இயலும். இறகின் முன்விளிம்பில் சீப்பின் பற்களைப் போன்ற அமைப்பும், மேற்பரப்பில் பட்டுப்போன்ற மென்மயிரும், பின்விளிம்பில் குஞ்சமும் இருப்பதால் அதன் பறத்தலில் ஓசை பெரிதும் அடங்கிவிடுகிறது. கூகையின் காதுகள் இரண்டும் ஒரே உயரத்தில் இல்லை. ஒலி இரு காதுகளையும் சேரும் வேறுபாட்டைக் கொண்டே இரை இருக்கும் இடத்தை அது கணிக்கிறது. முழு இருளில், ஓசையை மட்டுமே கொண்டு கூகை எலியைப் பிடிக்கவல்லது என்பதை ரோஜர் பேய்ன் என்னும் அமெரிக்க அறிஞர் ஆய்ந்து, 1971-இல் வெளியிட்ட கட்டுரையில் நிறுவினார். கூன்முதுகுத் திமிங்கிலங்கள் பாடுகின்றன என்பதை உலகம் அறியச் செய்தவரும் அவரே. இருளில் கேட்கப் பழகிய செவி கடலிலும் பாட்டைக் கேட்டது என்பது கவிஞர்கள் மனங்கொள்ளத் தக்க செய்தி.

இத்தகைய பறவையைப் படமாக்குவது நெடுங்காலம் அரிய செயலாகவே இருந்தது. தமிழ்நாட்டில் காட்டுயிர் ஒளிப்படக் கலைக்கு முன்னோடி மா. கிருஷ்ணன். 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்த அவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். பல உறுப்புகளைத் தாமே பொருத்திக் கட்டிய கனத்த கேமராவோடு காட்டில் நடந்து, கருப்பு வெள்ளையிலேயே தம் படங்களை எடுத்தார். தமிழிலும் ஆங்கிலத்திலும் இயற்கையைப் பற்றி எழுதினார். ஓர் எழுத்தாளரின் வீட்டிலிருந்து காட்டுயிர் ஒளிப்படக் கலை புறப்பட்டது என்பது இந்த அவைக்குப் பெருமை தரும் உறவு. அக்காலத்துப் பிலிம் சுருளில் 36 படங்களே எடுக்கலாம். ஒவ்வொரு சொடுக்குக்கும் காசு உண்டு. எனவே ஒவ்வொரு சொடுக்குக்கு முன்னும் ஒரு தயக்கமும் உண்டு. இன்று டிஜிட்டல் கேமரா வந்தபின், மங்கிய ஒளியிலும் பளிச்சு விளக்கின்றிப் படமெடுக்க முடிகிறது. நூற்றுக்கணக்கில் எடுத்து வேண்டாதவற்றை அழித்துவிடவும் முடிகிறது. வசதி வளர்ந்தது நன்மையே. தயக்கம் குறைந்ததுதான் கவலைக்குரியது.

தயக்கம் ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு பழைய நிகழ்ச்சி சான்றாகும். இங்கிலாந்தின் புகழ்பெற்ற பறவை ஒளிப்படக் கலைஞர் எரிக் ஹோஸ்கிங், 1937-இல், பழுப்பு ஆந்தையின் கூட்டருகே படமெடுக்க முயன்றபோது தாய்ப்பறவை பாய்ந்து தாக்கியதில் தம் இடக்கண்ணை இழந்தார். அவர் அந்தப் பறவையை வெறுக்கவில்லை, தொழிலையும் விடவில்லை. எஞ்சிய ஒற்றைக் கண்ணோடு மேலும் அரை நூற்றாண்டு பறவைகளைப் படமெடுத்து 1991-இல் மறைந்தார். 1970-இல் வெளிவந்த தம் தன்வரலாற்றுக்கு, 'பறவைக்கு ஒரு கண்' என்று பொருள்படும் தலைப்பைச் சூட்டினார். தாய் ஒருத்தி தன் குஞ்சைக் காத்தாள் என்பதே அந்நிகழ்ச்சியின் உட்பொருள். கூட்டருகே செல்பவன் விருந்தினன் ஆகமாட்டான். ஆந்தையின் கண்ணுக்கு அவன் பகைவனே.

இன்று கண்ணை இழப்பவர் இல்லை. இழப்பு முழுவதும் பறவையின் பக்கமே சேர்ந்துவிட்டது. இருளுக்குப் பழகிய கண்ணில் மீண்டும் மீண்டும் பளிச்சு விளக்கை வீசுவோர் உண்டு. கைப்பேசியில் பதிந்த ஆந்தைக் குரலை ஒலிக்கவிட்டு, எல்லைக்குள் பகைவன் நுழைந்துவிட்டான் என்று பறவையை ஏமாற்றி வெளியே வரவழைப்போர் உண்டு. அப்படி வந்த பறவை தன் இரை தேடும் பொழுதையும் குஞ்சைக் காக்கும் பொழுதையும் இல்லாத பகைவனோடு போரிட்டுக் கழிக்கிறது. உயிருள்ள எலியைக் கயிற்றில் கட்டி ஆந்தையைப் பாயச் செய்து படமெடுப்பதும் சில நாடுகளில் நடந்துவருகிறது. இவை எல்லாவற்றினும் கொடியது, எடுத்த படத்தோடு இடத்தையும் அறிவித்துவிடுவது. ஒரே இரவில் படம் ஆயிரம் பேரைச் சேர்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த மரத்தடியில் இருபது கேமராக்கள் நிற்கின்றன.

கேமராவோடு வருபவர்கள் மட்டும் வந்தால் அந்த மட்டும் நலம். டிராஃபிக் இந்தியா என்னும் அமைப்பு 2010-இல் வெளியிட்ட அறிக்கை, மாந்திரீகத்துக்காகவும் பலிக்காகவும் நாடெங்கும் ஆந்தைகள் பிடித்து விற்கப்படுவதையும், தீபாவளியை ஒட்டி இவ்வணிகம் மிகுவதையும் விவரித்தது. வடநாட்டில் திருமகளின் ஊர்தியாகக் கருதப்படும் பறவையைத் திருமகளின் அருள் வேண்டியே கொல்கிறார்கள் என்பது துயரமான முரண். கொம்பு போன்ற காதிறகு உடைய பெரிய ஆந்தைகளையே மாந்திரீகர் மிகுதியும் நாடுகின்றனர். பாறைக்குழியின் விளிம்பில் தரையோடு தரையாகக் குஞ்சு பொரிக்கும் கொம்பன் ஆந்தை, இடம் தெரிந்தவன் கைக்கு எளிதில் எட்டிவிடும். 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் ஆந்தைகளைப் பிடிப்பதையும் கொல்வதையும் விற்பதையும் தடைசெய்கிறது. ஆயினும், நள்ளிரவில் பாறைக்குழியின் விளிம்பில் காவல் நிற்பது எந்தச் சட்டத்துக்கும் அரிது. அங்கே காவலாக நிற்கக்கூடியது ஒன்றே ஒன்று: அறிந்தவரின் வாய்.

அப்படியானால் ஆந்தை இருக்கும் இடத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லக்கூடாதா என்ற வினா எழும். இதற்கு விடை காண இன்னொரு வரலாறு துணைசெய்யும். 1873-இல் ஆலன் ஆக்டேவியன் ஹியூம் அறிவியலுக்கு அறிமுகம் செய்த காட்டுச் சிற்றாந்தை, 1884-க்குப் பின் உறுதியான சான்றோடு கிடைக்கவில்லை. ரிச்சர்டு மைனர்ட்சாகன் என்னும் ஆங்கிலப் படைத் தளபதி, அப்பறவையை 1914-இல் குசராத்தில் தாம் பிடித்ததாக ஒரு பதப்படுத்திய உடலைக் காட்டினார். தேடியவர்கள் அதை நம்பி ஏமாந்தனர். அந்த உடல் அருங்காட்சியகத்திலிருந்து அவர் திருடியது. இடமும் ஆண்டும் அவர் புனைந்தவை என்பது பல்லாண்டுகளுக்குப் பின்னரே வெளியாயிற்று. அப்பொய்யை ஒதுக்கிவிட்டு, பழைய உண்மைக் குறிப்புகளை மட்டுமே கைக்கொண்டு சென்ற பமீலா ராஸ்முசென் என்னும் அறிஞரும் அவருடைய துணைவர் இருவரும், 1997 நவம்பரில் மகாராட்டிரத்தின் சகாதா என்னும் ஊரருகே, 113 ஆண்டு காணாமற்போயிருந்த அப்பறவையைப் பட்டப்பகலில் கிளையொன்றில் கண்டனர். இதிலிருந்து ஒரு வேறுபாடு புலனாகிறது. இடத்தைச் சொல்லாமல் காப்பது வேறு. இடத்தைப் பொய்யாகச் சொல்வது வேறு. முன்னது பறவையைக் காக்கும். பின்னது பறவையைப் பற்றிய அறிவையே அழிக்கும்.

இவ்விடத்தில்தான் தமிழ்க் கவிஞரின் மரபு துணைக்கு வருகிறது. அகத்திணையில் தலைமக்களின் பெயரைச் சுட்டிச் சொல்லலாகாது என்பது தொல்காப்பியம் வகுத்த நெறி. காதலைப் பாடலாம், காதலரின் பெயரைச் சொல்லக்கூடாது. இவ்விலக்கணத்தை வெறும் செய்யுள் மரபாகவே பலரும் கற்றிருப்பர். ஆனால் இதனுள் ஓர் அறம் இருக்கிறது. மெல்லிய ஒன்றைப் பற்றிப் பேசும்போது, பேசுபவனின் சொல்லே அதற்குக் கேடாகிவிடக் கூடாது என்பதே அந்த அறம். பெயர் வெளிப்பட்டால் அது அலராகும். ஊர் வாய்க்கு இரையாகும். கைப்பேசியில் பரவும் கூட்டின் படம் அலரன்றி வேறென்ன?

நற்றிணையின் 83-ஆம் பாடல் கூகையை நோக்கித் தோழி பேசுவதாக அமைந்தது. ஊர் வாயிலில், நீருண்ணும் துறையின் அருகே, தெய்வம் உறையும் பழைய மரத்தில் நெடுநாள் குடியிருக்கும் கூகையை அவள் விளிக்கிறாள். அதன் வளைந்த அலகையும் தெளிந்த கண்ணையும் கூரிய நகத்தையும் குறையாது சொல்கிறாள். நெய்யும் ஊனும் கலந்த சோற்றோடு எலியைச் சுட்டும் தருவதாகக் கூறி, காதலரை எதிர்பார்த்துத் தலைவி உறங்காது கலங்கும் பொழுதில் அச்சமூட்டும் குரலை எழுப்பாதிருக்க வேண்டுகிறாள். அக்குரல் அச்சம் தருவது என்று அவளும் அறிவாள். ஆனால் அவள் கூகையை விரட்டவில்லை. அதற்கு விருந்து வைக்கிறாள். அதன் உணவு எலி என்பதை அறிந்து, அதையே படைக்கிறாள். உடலின் உறுப்புகளை நெருங்கிநின்று கண்ட ஒருவரே அப்பாடலை இயற்றியிருக்கக் கூடும். இன்றைய ஒளிப்படக் கலைஞர் ஒருவர் தம் படத்தில் காட்ட விரும்பும் எல்லாமும் அதில் உள்ளன: மரம், நீர்த்துறை, இரவு, அலகு, கண், நகம். ஒன்று மட்டும் இல்லை. ஊரின் பெயர் இல்லை. 'எம் ஊர்' என்பதோடு தோழி நிறுத்திக்கொள்கிறாள்.

அகமரபு சொல்லாமையோடு நின்றுவிடுவதுமில்லை. தலைவிக்கு வேற்றுமணம் பேசத் தொடங்கும்போது, வெறியாட்டு நிகழவிருக்கும்போது, இனியும் மறைத்தால் உயிர்க்கே ஊறு என்னும் நிலையில், தோழி அறத்தொடு நிற்கிறாள். அவள் ஊரைக் கூட்டிச் சொல்வதில்லை. செவிலிக்குச் சொல்கிறாள், செவிலி நற்றாய்க்குச் சொல்கிறாள், காக்கக் கடமைப்பட்டவர்க்கு மட்டும், உரிய காலத்தில், உண்மையை மாற்றாமல் செய்தி சேர்கிறது. ஆந்தை தேடுவோர்க்கு இதைவிட நல்ல நெறிநூல் வேண்டுவதில்லை. பறவைப் பதிவேடுகளில் கேட்டுக்கு உள்ளாகும் இனங்களின் இருப்பிடத்தை ஆய்வாளர்க்காகப் பதிந்துகொண்டு, பொதுப் பார்வையிலிருந்து மறைக்கும் ஏற்பாடு இன்று உலகளவில் உள்ளது. அதனை வகுத்தவர்கள் தொல்காப்பியம் படித்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. அறம் எங்கும் ஒன்றே.

அறத்தொடு நிற்றலின் பயனை மண்ணரை மக்கள் தங்கள் அருகிலேயே காணலாம். ஊத்துக்குளி சாலையில் சற்றுத் தொலைவு சென்றால் நல்லாற்றின் நீரை ஏந்தும் நஞ்சராயன் குளம் வருகிறது. ஏறத்தாழ 126 ஹெக்டேர் பரப்புடைய அந்தக் குளத்தைத் திருப்பூர் இயற்கைக் கழகத்தினரும் பிற பறவை ஆர்வலர்களும் பல ஆண்டுகள் கண்காணித்து, பறவைகளைக் கணக்கெடுத்து, உரிய இடங்களில் எடுத்துச் சொல்லிவந்தனர். 2022-இல் அது தமிழ்நாட்டின் 17-ஆவது பறவைகள் சரணாலயமாயிற்று. 2024 ஆகத்தில் ராம்சர் தலமாக உலகப் பட்டியலிலும் இடம்பெற்றது. சாயப்பட்டறைக் கழிவால் நொய்யல் பட்ட பாட்டையும், 2011-இல் உயர்நீதிமன்ற ஆணையால் பட்டறைகள் மூடப்பட்டதையும் கண்ட ஊர் இது. அதே ஊரின் எல்லையில் ஒரு குளம் உலகத்தின் மதிப்பைப் பெற்றதற்கு, பார்த்ததைப் பொறுமையாகக் குறித்துவைத்த மனிதர்களும் காரணம்.

ஆனால் ஆந்தைக்குச் சரணாலயம் இல்லை. அதன் வீடு பனையிலும் கிணற்றிலும் பாறைக்குழியிலும் கொரங்காட்டு வெள்வேல மரத்திலும் சிதறிக் கிடக்கிறது. மனைப்பிரிவுக்காகப் பனை வீழ்கிறது. வற்றிய கிணறு மண்ணிட்டு மூடப்படுகிறது. பாறைக்குழியில் நகரின் குப்பை கொட்டப்படுகிறது. முள்கிளுவை வேலியிட்ட மேய்ச்சல் காடு, கம்பெனிக்குக் கைமாறுகிறது. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் ஒப்புதல் வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தது. அவ்வறிவிப்பு செயலாவதற்கு, ஒரு பனையில் யார் குடியிருக்கிறார்கள் என்பதைத் தோட்டக்காரரிடமும் வனத்துறையினரிடமும் எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். இரவெல்லாம் அந்தப் பனையடியில் காத்திருந்தவரைவிட அதற்குத் தகுதி உடையவர் யார்? ஆந்தைப் படம் எடுப்பவர் எடுத்த படத்தைக் கொண்டு செய்யக்கூடிய மிகச் சிறந்த செயல், அந்தத் தோட்டத்துக்கு உரியவரின் கையில் அதைக் கொடுத்து, "உங்கள் பனையில் இது வாழ்கிறது, உங்கள் களத்து எலியைத் தின்கிறது" என்று சொல்வதேயாகும். சகுனத்துக்கு அஞ்சியவர் அந்த முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டால், மரத்தை வெட்டுமுன் சற்றே யோசிப்பார்.

தேடிச் சென்ற எல்லா இரவிலும் ஆந்தை காட்சி தருவதில்லை. குரல் மட்டும் கேட்டுத் திரும்பும் இரவுகளே மிகுதி. பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் ஒருவரையொருவர் காணாமலே நட்புக் கொண்டவர்கள். அவர் பெயரிலுள்ள ஆந்தை என்பது ஆதன் தந்தை என்பதன் மரூஉ என்று இலக்கணம் கூறும். பறவைக்கும் அப்பெயருக்கும் உறவில்லை. ஆயினும் காணாத ஒன்றினிடம் அன்பு கொள்ளலாம் என்பதற்கு அப்பெயரைவிடச் சிறந்த சான்று தமிழில் இல்லை. வெறும் கையோடு திரும்பிய இரவிலும் மகிழ்ச்சியோடு திரும்பத் தெரிந்தவரே ஆந்தையைத் தேடத் தகுதி பெற்றவர்.

கவிஞர்களே, கண்டதைச் சொல்வது கவிதை என்றால், எதைச் சொல்லாமல் விடுவது என்று அறிவதும் கவிதையே. அகப்பாடல் பாடிய புலவர்கள் அதை அறிந்திருந்தார்கள். இருளில் காத்திருந்து, ஒருமுறை மட்டும் சொடுக்கி, ஓசையின்றிப் பின்வாங்கி வரும் மனிதர் அதே பாடத்தை வேறொரு கருவியோடு கற்றுக்கொண்டிருக்கிறார்.

இவ்வுரையின் தொடக்கத்தில் மண்ணரையில் ஒரு பனையும் அதில் ஓர் ஆந்தையும் சொல்லப்பட்டன. அந்தப் பனை எந்தக் கம்பெனியின் சுவரோரம் நிற்கிறது என்பது சொல்லப்படவில்லை. அவையோர் அதைக் கேளாதிருப்பதே அந்தப் பறவைக்கு இந்த விழா நாளில் செய்யும் சிறப்பு.